தரையிறங்கும் விமானத்தில் உயரமும் வேகமும் ஒரே கணக்கு

கேள்வி இது: "ஓடுபாதையை நெருங்கும்போது உயரம் கூடுதலாக இருந்தால் மூக்கைத் தாழ்த்தினால் போதாதா? வேகம் கூடுதலாக இருந்தால் த்ராட்டிலை (என்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) குறைத்தால் போதாதா? விமானிகள் ஏன் இதை ஆற்றல் மேலாண்மை என்று பெரிதாகப் பேசுகிறார்கள்?"

போதாது. மூக்கைத் தாழ்த்தினால் உயரம் குறையும், உண்மைதான். ஆனால் குறைந்த உயரம் எங்கும் போய்விடுவதில்லை. வேகமாக உருமாறி அதே விமானத்தில் உட்கார்ந்திருக்கும். பிறகு அந்த வேகத்தைக் குறைக்க மூக்கைத் தூக்கினால், மறுபடி உயரமாகிவிடும். பணத்தை ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு மாற்றுவது போலத்தான். செலவழிக்க ஒரே வழி காற்றின் இழுவை. வரவு வைக்க ஒரே வழி என்ஜின். தரையிறங்கும் விமானியின் வேலை, கையிலுள்ள மொத்தத்தையும் சரியான தூரத்துக்குள், சரியான வேகத்தில் செலவழித்து முடிப்பது.

வேகத்தையும் அடிக் கணக்கில் மாற்றிப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். வேகத்தின் வர்க்கத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தின் இரு மடங்கால் வகுத்தால், அந்த வேகம் எத்தனை அடி உயரத்துக்குச் சமம் என்று கிடைக்கும். 250 நாட் (மணிக்கு 250 கடல் மைல்) என்பது சுமார் 2,770 அடி. 200 நாட், 1,770 அடி. 140 நாட், 870 அடி. அதாவது 10 கடல் மைல் தூரத்தில் 3,000 அடியில் 200 நாட்டில் வரவேண்டிய விமானம் அதே உயரத்தில் 250 நாட்டில் வந்தால், அது 1,000 அடி கூடுதல் உயரத்தில் இருப்பதற்குச் சமம். உயரமானியைப் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். கணக்கோ 1,000 அடி தப்பாக இருக்கும்.

இப்போது கைப்பிடிகளின் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். த்ராட்டிலும், ஸ்பீடு பிரேக் (இறக்கைமேல் எழும் தடுப்புத் தகடுகள்), ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடுகள்), சக்கரங்கள் ஆகிய இழுவைச் சாதனங்களும் மொத்த ஆற்றலைக் கூட்டும் அல்லது குறைக்கும். மூக்கைத் தூக்கித் தாழ்த்தும் வால் தகடான எலிவேட்டர் மொத்தத்தைத் தொடாது. உயரத்துக்கும் வேகத்துக்கும் இடையே பங்கு பிரிக்கும், அவ்வளவுதான். "வேகத்துக்கு த்ராட்டிலா, எலிவேட்டரா?" என்று பயிற்சிப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் வாதத்துக்கு இதுதான் நேர்மையான விடை: இரண்டும் சேர்ந்துதான், எந்தக் கோளாறு என்பதைப் பொறுத்து எது முதலில் என்பது மாறும்.

உயரம் அதிகம், வேகம் குறைவு என்றால் மொத்தம் ஏறக்குறைய சரி, பங்குதான் தவறு. மூக்கைச் சற்றுத் தாழ்த்தினால் போதும், த்ராட்டிலில் கை வைக்க வேண்டியதில்லை. உயரம் குறைவு, வேகம் அதிகம் என்றாலும் அப்படியே, மூக்கைச் சற்றுத் தூக்கினால் சரியாகும். இரண்டுமே அதிகம் என்றால் எலிவேட்டரால் ஒன்றும் ஆகாது. த்ராட்டிலைக் குறைத்து இழுவையைக் கூட்டியாக வேண்டும்.

உயிரைக் குடிப்பது நான்காவது நிலை: உயரமும் குறைவு, வேகமும் குறைவு. ஓடுபாதை தூரத்தில் மேலே ஏறுவது போலத் தெரிகிறது, கை தானாகவே மூக்கைத் தூக்கும். தூக்கினால் மீதமிருக்கும் கொஞ்ச வேகமும் கரையும். அதற்குமேல் இன்னொரு சிக்கலும் உண்டு. குறைந்தபட்ச இழுவை வேகம் என்று ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே போனால், மெதுவாகப் பறக்கப் பறக்க இழுவை ஏறும், அதே உயரத்தில் நிற்க மேலும் மேலும் என்ஜின் சக்தி தேவைப்படும். எனவே இந்த நிலையில் முதல் அசைவு த்ராட்டிலை முன்னே தள்ளுவது. மூக்கு அதற்குப் பிறகுதான்.

இனி ஜெட் விமானத்துக்கே உரிய தொல்லை. ஐஎல்எஸ் (ஓடுபாதைக்கு வானொலி அலைகளால் வழிகாட்டும் அமைப்பு) பாதையின் வழக்கமான சாய்வு 3 டிகிரி, அதாவது ஏறத்தாழ 19 அடி முன்னே போனால் 1 அடி கீழே. ஃபிளாப், சக்கரம் எதுவும் இறக்காத பயணிகள் ஜெட், என்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த சக்தியில்) இருக்கும்போது, ஏறத்தாழ 17 அடிக்கு 1 அடி என்றுதான் சறுக்கும். இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைக் கவனியுங்கள். 3 டிகிரியில் இறங்கும்போது எடை முன்னே தள்ளும் விசையும் இழுவை பின்னே பிடிக்கும் விசையும் கிட்டத்தட்டச் சமமாகிவிடுகின்றன. ஐடிலிலும் என்ஜின் கொஞ்சம் தள்ளிக்கொண்டுதான் இருக்கும். ஆக, த்ராட்டிலை முழுக்க இழுத்துவிட்டாலும் விமானம் வேகம் குறைக்காது. பின்காற்று இருந்தால் நிலைமை இன்னும் மோசம். பனி உறைவைத் தடுக்க என்ஜின் ஆன்டி-ஐஸ் போட்டிருந்தால் என்ஜினின் ஐடில் சுழற்சி வேகமே உயர்ந்துவிடும், சறுக்கும் பாதை மேலும் தட்டையாகும். "இறங்கவும் வேண்டும், வேகமும் குறைய வேண்டும்" என்ற இரண்டையும் ஜெட்டிடம் ஒரே நேரத்தில் கேட்டால் ஏதாவது ஒன்றைத்தான் தரும் என்று விமானிகள் சொல்வது இதனால்தான்.

மட்டமாகப் பறந்தால் ஒரு கடல் மைலுக்குச் சுமார் 10 நாட் குறையும். சக்கரமும் ஃபிளாப்பும் இறக்கிய பிறகு 3 டிகிரியில் இறங்கும்போதே மைலுக்கு 10 முதல் 20 நாட் குறைக்க முடியும். எனவே எங்கே மட்டமாகப் பறந்து வேகத்தைக் குறைப்பது, எங்கே முதல் ஃபிளாப், எங்கே சக்கரம் என்பதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

மனக்கணக்கு எளிது. விமான நிலையத்துக்கு மேலான உயரத்தை ஆயிரத்தில் எடுத்து 3-ஆல் பெருக்கினால் தேவைப்படும் கடல் மைல் கிடைக்கும். 10,000 அடிக்கு 30 மைல். அதோடு 250 நாட்டிலிருந்து குறைப்பதற்காகச் சில மைல் கூட்டிக்கொள்ள வேண்டும். 3 டிகிரி பாதையில் இருக்க வேண்டிய இறங்கு வீதத்துக்கு, தரைவேகத்தை 5-ஆல் பெருக்குங்கள்: 140 நாட்டுக்கு நிமிடத்துக்கு 700 அடி. இதைவிடக் கூடுதலாக, 1,100, 1,200 என்று இறங்கிக்கொண்டிருந்தால் பாதையில் ஏதோ கோளாறு. வழியில் நிறுத்திப் பார்க்கும் புள்ளிகளும் வேண்டும்: 30 மைலில் 10,000 அடி, 250 நாட், 10 மைலில் 3,000 அடி, 200 நாட் அல்லது அதற்குக் கீழே, 4, 5 மைலில் 160 நாட், 1,000 அடியில் எல்லாம் இறக்கி, இறுதி வேகத்தில். இந்த எண்கள் விமானத்துக்கு விமானம் சற்று மாறும். ஆனால் ஒவ்வொரு புள்ளியிலும் உயரத்தையும் வேகத்தையும் சேர்த்துப் பார்ப்பதுதான் முக்கியம். ஒன்றை மட்டும் பார்ப்பது பாதிக் கணக்கு.

சரி, ஏடிசி (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) குறுக்கு வழி கொடுத்துவிட்டது, அல்லது இறங்க அனுமதி தாமதமாக வந்தது. உயரமும் வேகமும் மிஞ்சி நிற்கிறது. என்ன செய்வது? எடுத்த எடுப்பிலேயே பலரும் ஸ்பீடு பிரேக்கை நம்புகிறார்கள். ஆனால் இழுவை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 250 நாட்டில் ஸ்பீடு பிரேக் தரும் இழுவையில் பாதிகூட 160 நாட்டில் கிடைக்காது. ஆகவே ஸ்பீடு பிரேக்கை வேகம் இருக்கும்போதே, தூரத்திலேயே பயன்படுத்த வேண்டும். அருகில் வந்த பிறகு உண்மையான ஆயுதம் சக்கரங்கள்தான். ஏ320-இல் 250 நாட் வரை சக்கரங்களை இறக்கலாம். முதல் ஃபிளாப்புக்கே வரம்பு 230 நாட், முழு ஃபிளாப்புக்கு 177. எனவே உயரமும் வேகமும் மிஞ்சியிருந்தால் ஃபிளாப்புக்காகக் காத்திருக்காமல் சக்கரத்தை முதலில் இறக்குவதே சரி. இரைச்சலாக இருக்கும், எரிபொருள் சற்றுக் கூடும். அது மிகச் சிறிய விலை.

எல்லாம் இறக்கி 160 நாட்டில் நிமிடத்துக்கு 1,500 அடி இறங்கினால், ஒரு மைலுக்கு 560 அடி குறையும். 3 டிகிரி பாதை மைலுக்கு 318 அடி கீழே போகிறது. வித்தியாசம் 240 அடி. அதாவது 1,200 அடி கூடுதல் உயரத்தைச் சரிசெய்ய 5 மைல் வேண்டும். 4 மைலில் இருந்துகொண்டு 1,200 அடி மேலே இருந்தால் கணக்கு முடிந்துவிட்டது. சுற்றி வருவதைத் தவிர வழியில்லை. இந்தக் கணக்கை முன்னமே போட்டால் அவமானமாக எதுவும் இல்லை. ஏடிசியிடம் ஒரு சுற்று கேட்டால் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

2020 மே 22 அன்று கராச்சியில் விழுந்த ஏ320 இதற்குக் கொடுமையான சாட்சி. ஓடுபாதைக்குச் சுமார் 15 கடல் மைலில் அது 9,780 அடியில், 245 நாட் வேகத்தில் இருந்தது. மூன்றால் பெருக்கும் விதிப்படி அங்கே 5,000 அடிக்கு அருகில் இருந்திருக்க வேண்டும். ஏடிசி ஒரு சுற்று சுற்றி இறங்கச் சொன்னது, விமானம் சுற்றவில்லை. ஸ்பீடு பிரேக்கும் சக்கரமும் இறக்கப்பட்டன. பிறகு 1,740 அடியில் இரண்டும் மறுபடி உள்ளே இழுக்கப்பட்டன. 500 அடியிலும் வேகம் 220 நாட். சக்கரம் இல்லாமலே இரண்டு என்ஜின்களும் ஓடுபாதையில் உராய்ந்தன. மேலெழும்பிய விமானத்தில் இரண்டு என்ஜின்களும் செயலிழந்தன; விமானத்தில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். எத்தனையோ எச்சரிக்கை ஒலிகள் அடித்தன. ஆனால் அந்த விமானத்தின் கணக்கு 15 மைலிலேயே தவறியிருந்தது.

இதற்கு நேரெதிராகத் தெரிகிற விபத்து ஒன்று உண்டு. அதன் வேரும் இதே இடத்தில்தான் இருக்கிறது. 2013 ஜூலை 6, சான் பிரான்சிஸ்கோ, ஓடுபாதை 28 இடது, ஏசியானா 214, போயிங் 777. அன்று ஐஎல்எஸ் சறுக்குப் பாதை வேலை செய்யவில்லை, கண்ணால் பார்த்தே இறங்க வேண்டும். விமானம் பாதைக்கு மேலே இருந்தது. உயரத்தைக் குறைக்கத் தேர்ந்தெடுத்த தானியங்கி நிலை, ஏற்கெனவே அமைத்து வைத்திருந்த மேல் உயரத்தை நோக்கி ஏறப் பார்த்தது. விமானி தானியங்கியை விலக்கி த்ராட்டிலை ஐடிலுக்கு இழுத்தார். அப்போது ஆட்டோத்ராட்டில் (த்ராட்டிலைத் தானே இயக்கும் அமைப்பு) 'ஹோல்ட்' நிலைக்குப் போனது. அந்த நிலையில் அது வேகத்தைக் காக்காது. காக்கும் என்று விமானிகள் நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த அரை நிமிடத்தை நிதானமாகப் பாருங்கள். 500 அடியில் வேகம் 134 நாட், இலக்கு 137. ஓடுபாதைக்குப் பக்கத்தில் எரியும் பாப்பி விளக்குகள் (சரியான பாதையில் இரண்டு வெள்ளை, இரண்டு சிவப்பாகத் தெரிபவை) மூன்று வெள்ளை, ஒரு சிவப்பு, அதாவது பாதைக்குச் சற்றே மேலே. உயரமானியும் வேகமானியும் பார்த்தால் "அப்பாடா, சரியாக வந்துவிட்டோம்" என்று தோன்றும் கணம் அது. ஆனால் இறங்கு வீதம் நிமிடத்துக்கு 1,200 அடி, என்ஜின்கள் ஐடிலில். 200 அடியில் 118 நாட், விளக்குகள் நான்கும் சிவப்பு. 125 அடியில் 112 நாட், த்ராட்டில் அப்போதுதான் முன்னே போகிறது. கடைசியில் 103 நாட். என்ஜின்கள் பாதி சக்தியைத்தான் எட்டியிருந்தன. பின்பக்கம் கடல் சுவரில் மோதியது. மூவர் இறந்தார்கள்.

இந்த விபத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை ஒரே வரியில் சொல்லலாம்: 500 அடியில் உயரமும் வேகமும் சரியாக இருந்தும், கணக்கு சரியாக இல்லை. ஏனென்றால் சக்கரமும் முழு ஃபிளாப்பும் இறக்கிய விமானம் 3 டிகிரியில் நிலையாக வர, என்ஜின் கணிசமாக உழைத்தாக வேண்டும். அந்த நிலையில் என்ஜின் இல்லாமல் விட்டால் அது 7, 8 அடிக்கு 1 அடி என்று விழும். எனவே இறுதிப் பாதையில் என்ஜின் ஐடிலில் இருந்தால், மற்ற எண்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒன்று விமானம் இன்னும் வேகம் குறைத்துக்கொண்டிருக்கிறது, அல்லது பாதையைவிடச் செங்குத்தாக விழுந்துகொண்டிருக்கிறது. இரண்டுமே சில நொடிகளில் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விடும். உயரமும் வேகமும் இப்போது எங்கே இருக்கிறோம் என்று சொல்லும். என்ஜின் நிலைதான் அடுத்து எங்கே போகப்போகிறோம் என்று சொல்லும்.

நிலைத்த அணுகல் என்ற விதியில் என்ஜின் நிலையையும் சேர்த்திருப்பதன் காரணம் இதுதான். மேகத்துக்குள் வந்தால் 1,000 அடியிலும், தெளிவான வானத்தில் 500 அடியிலும், விமானம் தரையிறங்கும் அமைப்பில் இருக்க வேண்டும். வேகம் இலக்குக்குக் கீழே போகாமல், மேலே 20 நாட்டுக்குள் இருக்க வேண்டும். இறங்கு வீதம் நிமிடத்துக்கு 1,000 அடியைத் தாண்டக் கூடாது. என்ஜின் அந்த அமைப்புக்குத் தகுந்த சக்தியில் இருக்க வேண்டும். சிறு திருத்தங்கள் மட்டுமே தேவைப்பட வேண்டும். ஒன்று தவறினாலும் கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிவிட வேண்டும். ஜெட் என்ஜின் ஐடிலிலிருந்து உடனே எழும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். கோ-அரவுண்ட் ஏறுதிறனைக் கணக்கிடும் அமெரிக்கச் சான்றிதழ் விதியே, த்ராட்டிலைத் தள்ளி 8 நொடிக்குப் பிறகு கிடைக்கும் உந்துவிசையைத்தான் எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 1,200 அடி இறங்கும்போது 8 நொடி என்பது 160 அடி.

இப்போது கடைசி 50 அடி. விமானம் 140 நாட்டில் ஒரு நொடிக்கு 236 அடி முன்னே போகிறது. ஓடுபாதைத் தொடக்கத்தை 50 அடியில் கடக்க வேண்டிய இடத்தில் 100 அடியில் கடந்தால், 3 டிகிரியில் தொடும் புள்ளி 950 அடி தள்ளிப்போகும். வேகம் 10 விழுக்காடு கூடினால் நிறுத்த வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடும். தரைக்கு மிக அருகில், இறக்கை நீளத்தில் பாதி உயரத்துக்குக் கீழே, இழுவையும் குறைந்துவிடுவதால் கூடுதல் வேகம் கரையவே மாட்டாது. விமானம் மிதந்துகொண்டே போகும். அந்த வேகத்தைக் காற்றில் மிதந்து குறைக்க, சக்கரம் தரையில் பட்டு பிரேக்கில் குறைப்பதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு ஓடுபாதை செலவாகும். எனவே மெத்தென்று இறங்க வேண்டும் என்று ஏங்கி, சக்கரத்தைத் தரைக்கு மேலே பிடித்துக்கொண்டிருப்பது தவறு. உரிய இடத்தில் சற்று அழுத்தமாகவே வைத்துவிடுவது நல்ல தரையிறக்கம்.

2010 மே 22 மங்களூர் விபத்தில் இந்த எண்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. மேசை போல மலைமேல் அமைந்த 8,033 அடி ஓடுபாதை. போயிங் 737 பாதைக்கு வெகு மேலே வந்து, நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4,000 அடி வீதத்தில் இறங்கியது. ஓடுபாதைத் தொடக்கத்தை 50 அடி, 144 நாட்டுக்குப் பதில் சுமார் 200 அடியில், 160 நாட்டுக்கு மேலான வேகத்தில் கடந்தது. 150 அடி கூடுதல் உயரத்துக்கு மட்டும் 3 டிகிரிக் கணக்கில் 2,860 அடி போகும். வேகத்தில் உள்ள கூடுதல் ஆற்றல் 23 விழுக்காடு. கடைசியில் சக்கரம் பட்டது சுமார் 5,200 அடியில். மீதம் 2,800 அடி. துணை விமானி மூன்று முறை "கோ-அரவுண்ட்" என்று சொல்லியிருந்தார். 166 பேரில் 8 பேர்தான் பிழைத்தார்கள்.

சிறிய விமானங்களுக்கும் இதே கணக்குதான், எண்கள்தான் சின்னவை. செஸ்னா 172-ஐ முழு ஃபிளாப்பில் 60 முதல் 70 நாட்டில் கொண்டுவருவார்கள். 75-இல் வந்தால் குட்டை ஓடுபாதையில் பாதியை மிதந்தே கடந்துவிடும். இவற்றில் ஸ்பீடு பிரேக் கிடையாது. அதற்குப் பதில் ஸ்லிப் உண்டு. ஒரு பக்கம் இறக்கையைச் சாய்த்து, எதிர்ப்பக்க ரடரை (மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் தகட்டை) மிதித்தால் விமானத்தின் பக்கவாட்டு உடல் காற்றுக்குக் குறுக்கே நிற்கும். வேகம் ஏறாமலே உயரம் கரையும். 1983 ஜூலை 23 அன்று கனடாவில் எரிபொருள் தீர்ந்து கிம்லியில் இறங்கிய போயிங் 767-ஐ, கிளைடர் ஓட்டிப் பழகிய அதன் கேப்டன் இதே ஸ்லிப்பில்தான் கீழே கொண்டுவந்தார். என்ஜின் இல்லாத விமானத்தில் கொஞ்சம் கூடுதல் உயரம் வைத்துக்கொண்டு வருவதே முறை. மிஞ்சியதைக் கரைக்கலாம், குறைந்ததைக் கூட்ட முடியாது. செஸ்னா 172-இல் ஃபிளாப் இறக்கிய நிலையில் ஸ்லிப்பைத் தவிர்க்கச் சொல்லி ஒட்டியிருக்கும் அறிவிப்பையும் மதிக்க வேண்டும்.

சக்கரம் தொட்ட பிறகும் கணக்கு முடியவில்லை. 64 டன் ஏ320, 135 நாட்டில் தரையைத் தொடும்போது அதனிடம் ஏறக்குறைய 154 மெகாஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். அதில் பெரும் பங்கு பிரேக்கில் வெப்பமாகப் போகும். இறக்கைமேல் உள்ள தகடுகளான ஸ்பாய்லர்கள் எழும்பினால்தான் இறக்கையின் தூக்குவிசை செத்து எடை சக்கரத்தில் இறங்கும், அதன் பிறகுதான் பிரேக் பிடிக்கும். ரிவர்ஸ் த்ரஸ்ட் (என்ஜினின் உந்துவிசையை எதிர்ப்பக்கம் திருப்புவது) வேகம் அதிகமாக இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்யும், எனவே அதைத் தாமதிக்காமல் உடனே எடுக்க வேண்டும். ரிவர்ஸ் எடுத்துவிட்டால் பிறகு கோ-அரவுண்ட் கிடையாது, நின்றே ஆக வேண்டும். ரிவர்ஸ் உள்ளே திரும்பவும் என்ஜின் எழும்பவும் ஆகும் நொடிகளில் மீதமுள்ள ஓடுபாதை தீர்ந்துவிடும். மங்களூரில் ரிவர்ஸ் எடுத்த பிறகுதான் மறுபடி மேலெழும்ப முயன்றார்கள்.